ஆளுக்கு ஒரு வரி

பொய்யான எண் ஒன்றுகூட இல்லாத ஒரு தாளைக் கொடுத்து, நேர்மையான ஒரு வியாபாரியை நான் கெடுத்தேன். எண்கள் எல்லாம் சரி, கூட்டலும் சரி. ஆனால் அந்தத் தாளைப் படிப்பவர் தவறான முடிவுக்குத்தான் வருவார் என்பது, அதைக் கொடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும், மிஷின் அப்படி, முதலாளி அப்படி என்று சாய்ந்துகொள்ள ஏதாவது ஒரு சுவரை மனம் தேடுகிறது. அதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி அது. காரிமங்கலத்திலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையில் இருந்த ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் புள்ளியியல் படித்தவன் என்பதால் அங்கே எனக்குக் கொஞ்சம் மரியாதை அதிகம். முதலாளியின் மருமகன் பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியதும் அந்த மரியாதை இன்னும் கூடியது. தொழிற்சாலையிலேயே ஏசி வைத்த ஒரே அறை அதனுடையதுதான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று நானே சட்டம் போட்டிருந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் கட்டம் கட்டமாக விரியும் அந்தத் தாளில், எடைமேடைச் சீட்டு ஒவ்வொன்றையும் ஒரு வரியாக ஏற்றுவேன். தேதி, தரகர், தோட்டம், மாங்காயின் ரகம், வந்த எடை, கழித்த எடை. பாதி ஏற்றுவதற்குள் கரண்ட் போகும். மறுபடியும் முதலிலிருந்து. அப்படிச் சலிக்கச் சலிக்க உழைத்ததாலேயே, அதிலிருந்து ஏதாவது பெரிதாக எடுத்துக் காட்டவேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது.

தரகர்களைக் கழிவுக் கணக்கை வைத்து வரிசைப்படுத்தலாம் என்ற யோசனை என்னுடையது. லாரியில் வரும் பழத்தில் அழுகியதையும் அடிபட்டதையும் கழித்துக் கொட்டுவது பெரிய நஷ்டம். யார் சரக்கில் கழிவு அதிகம் என்று தெரிந்தால் அவரை நிறுத்திவிடலாம் என்றேன். முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. "நாலு தாளு குடுத்தீன்னா நான் ஒண்ணுகூடப் படிக்கமாட்டேன்யா. ஒரே தாளு. ஆளுக்கு ஒரு வரி. யாரை வெச்சிக்கலாம், யாரை வெளிய அனுப்பலாம், அது தெரிஞ்சா போதும்" என்றார்.

தரகர்களில் ஒருவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். காரிமங்கலத்துக்காரர். மாமரம் பூவெடுக்கும்போதே தோட்டங்களைக் குத்தகைக்குப் பிடித்து, காய் முற்றும்வரை காவல் காத்து, பறித்துக் கொண்டுவருவார். பறிப்பு முழுவதும் அவர் மனைவியின் தம்பி கையில். அவர் 'மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்களுக்கும் அவன் பாயின் மச்சான்தான். வலை கட்டிய நீளக் கழியால் காயைக் காம்போடு பறிப்பான். தானாக உதிர்ந்து கிடக்கும் காயைத் தொடமாட்டான். உதிர்ந்த காய் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அடிபட்டிருக்கும், இரண்டு நாளில் அழுகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். எடைக்காக அதைக் கலப்பது அந்தத் தொழிலில் அசிங்கமான வேலை. கேட்டில் லாரி நிற்கும்போது இருவரும் ஒரே டம்ளர் டீயை மாற்றி மாற்றிக் குடித்தபடி ஒருவரையொருவர் வம்புக்கிழுப்பார்கள். "எங்க அக்காளக் கட்டிக்குடுத்த பாவத்துக்கு வருசம் பூரா மரத்துமேல ஏத்திட்டாருங்க சார்" என்பான் மச்சான். "எறங்குனா சோத்துக்கு இவனுக்குத் தனிச்சட்டி வேணும், அதாங்க சார் மேலயே வெச்சிருக்கேன்" என்பார் பாய்.

அந்த வருஷம் எங்களுக்கு அல்போன்சா கூழுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எங்கள் பக்கம் விளைவது பெரும்பாலும் பெங்களூரா. தோல் தடித்தது, லாரியில் எவ்வளவு குலுங்கினாலும் தாங்கும். அல்போன்சா மெல்லிய தோல். யார் கொண்டுவந்தாலும் அதில் கணிசமான பங்கு கழிவுக்குப் போகும். அதனால் மற்ற தரகர்கள் பேருக்கு ஒன்றிரண்டு லாரி மட்டும் ஒப்புக்கொண்டு நழுவிக்கொண்டார்கள். முதலாளி பாயைக் கூப்பிட்டு, "நீதாம்பா இதுக்கு ஆளு" என்று சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். மனிதர் பெருமையாகத் தலையாட்டிவிட்டுப் போய், கையிலிருந்ததையெல்லாம் போட்டு அல்போன்சாத் தோட்டமாகப் பிடித்தார்.

சீசன் பாதியில் நான் அந்த ஒற்றைத் தாளைத் தயாரித்தேன். கடைசி வரியில் பாயின் பெயர் வந்தது. எல்லோரையும்விட அவருக்குத்தான் கழிவு விழுக்காடு அதிகம். எனக்கே நம்ப முடியவில்லை. அதே சீட்டுகளைத் தரகர், அதற்குள் ரகம் என்று பிரித்துப் பார்த்தேன். அந்த மிஷினில் அது லேசான வேலை இல்லை. நினைவகம் போதாமல் தாளை இரண்டாக வெட்டி, பாதியைக் கையாலேயே கூட்டவேண்டியிருந்தது. முடித்தபோது கிடைத்தது இதுதான்: பெங்களூராவை மட்டும் எடுத்தால் பாயின் கழிவுதான் எல்லோரையும்விடக் குறைவு. அல்போன்சாவை மட்டும் எடுத்தாலும் அவர் கழிவுதான் குறைவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் மட்டும் அவர் கடைசி. காரணம், அவர் சரக்கில் பெரும்பகுதி அல்போன்சா. மற்றவர்கள் சரக்கு ஏறக்குறைய முழுதும் பெங்களூரா. கெட்டுப்போகும் பழத்தைச் சுமந்தவர் அவர். அதுவும் நாங்கள் கேட்டுக்கொண்டதால் சுமந்தார்.

இதை இப்போது பிவட் டேபிள் என்கிறார்கள். என் மருமகள் வீட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஒரு தலைப்பை இழுத்து இன்னொன்றின் கீழே விடுகிறாள். மொத்தம் பிரிந்து உள்வகையாக விரிகிறது. ஒவ்வொரு மொத்தத்துக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி இருக்கிறது, அதைத் தொட்டால் உள்ளே இருப்பது தெரியும். "யாராவது அதைத் தொட்டுப் பார்க்கிறார்களா?" என்று கேட்டேன். "மேனேஜருக்கு டோட்டல் போதும் மாமா" என்றாள். எனக்கு வந்த கோபம் அவளுக்குப் புரிந்திருக்காது.

நான் தொட்டுப் பார்த்தவன். பார்த்துவிட்டு மூடியவன். இரண்டாவது தாளை மடித்து டிராயரில் போட்டுவிட்டு, முதல் தாளை முதலாளியிடம் நீட்டினேன். ஏன் என்றால், தரகர்களை வரிசைப்படுத்தும் யோசனையே என்னுடையது. அது தப்பு என்று நானே எப்படிச் சொல்வது? அவர் தாளை வாங்கி, "பாயா? பாத்தியா, மிஷின் இல்லன்னா இது தெரிஞ்சிருக்குமா?" என்று என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு எனக்குச் சுகமாக இருந்தது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

மறுநாள் பாயின் லாரியைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "எம்பேரு கடைசில வந்துடுச்சாமே சார். மிஷினு தப்பா சொல்லுமாங்க?"

"மிஷின் தப்பா சொல்லாது பாய்" என்றேன்.

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். சண்டை போட்டிருந்தால் ஒருவேளை டிராயரைத் திறந்திருப்பேனோ என்னவோ. அவர் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "அப்போ பறிப்புலதான் ஏதோ நடந்திருக்குது" என்று தனக்குள் பேசிக்கொண்டே போய்விட்டார். அல்போன்சா காத்திருக்காது. வந்த விலைக்கு மண்டியில் தள்ளினார். மரத்தில் மிச்சம் இருந்ததையும் அப்படியே தள்ளினார். அந்த வாரமே, கூலியாட்கள் எதிரில் மச்சானைப் பார்த்து, "எடைக்காக உதுந்த காயக் கலந்துட்டியேடா" என்று கேட்டிருக்கிறார். மச்சான் கழியைத் தோட்டத்திலேயே சாத்திவைத்துவிட்டு அரூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

இது என் காதுக்கு வந்த பிறகும் சீசன் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. முடிந்த பிறகுதான் டிராயரிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப முன்ன குடுத்தது பொய்யா?"

"இல்லைங்க. அதுவும் சரிதான்."

"அதுவும் சரி, இதுவும் சரின்னா, நான் எதுக்குய்யா அம்மாம் பெரிய மிஷின வாங்கி ஏசி போட்டு வெச்சிருக்கேன்?" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். "சரி போ, வர்ற வருசம் பாயை வரச்சொல்லு." அவ்வளவுதான். நான் பயந்து பயந்து மறைத்தது ஒரு நிமிஷ வேலை. அன்றைக்கே சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். அதை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

காரிமங்கலத்தில் பாய் வீட்டுக்குப் போய், தாளை விரித்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல்தான் வந்தது. "எந்தம்பி இந்த வூட்டு வாசப்படி மிதிச்சி எத்தினி மாசம் ஆவுதுன்னு சாருக்குத் தெரியுமான்னு கேளுங்க."

அரூருக்கும் போனேன். ஒரு புளி மண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தான் மச்சான். என்னைக் கண்டதும் எழுந்து, தோள் துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். சோடா வாங்கிவரச் சொன்னான். கணக்கு எங்கே பிசகிற்று, தப்பு யாருடையது என்று எல்லாவற்றையும் சொல்லி, "நீ கலக்கலைன்னு இப்ப கணக்கே சொல்லுதுப்பா, வா போகலாம்" என்றேன்.

"நான் கலக்கலன்னு எனக்குத் தெரியாதுங்களா சார்?" என்றான். கோபமே இல்லாத குரல். "நீங்க ரெண்டு சீசனா எங்களப் பாத்தவரு. உங்க கணக்கு தப்பிடுச்சு, உடுங்க. எம்மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியிருந்து எங்கையப் பாத்த மனுசன் அவரு. ஒரு தாளப் பாத்துட்டு என்னியக் கேட்டுட்டாரு. அதுக்கு எந்தத் தாளக் கொண்டாந்து காட்டப்போறீங்க?"

சோடாவைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த சீசனில் பாய் வேறு ஆட்களை வைத்துப் பறித்து, பெங்களூரா மட்டும் கொண்டுவந்தார். தரகர்களை வரிசைப்படுத்தும் வேலையை நான் அதோடு விட்டேன். முதலாளி அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

சில வருஷம் கழித்து பாயின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். எனக்கு அழைப்பு இரண்டு வந்தது. ஒன்றைப் பாய் நேரில் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொன்று தாய்மாமன் கொடுப்பதாகச் சொல்லி அரூரிலிருந்து ஆள்மூலம் வந்தது. போனேன். பாய் என் கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தார். மச்சான் பிரியாணித் தட்டத்தோடு வந்து, "சார் வந்துட்டாருடோய்" என்று வாய் நிறையச் சிரித்தபடி என் இலையில் அள்ளி வைத்தான். நான் செய்ததற்கு இருவரிடமும் ஒரு முகச்சுளிப்புகூட இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அப்போது மூன்று முழம் தள்ளி நின்றிருந்த பாய், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சமையல்காரரைப் பார்த்து, "சாருக்கு இன்னொரு துண்டு கறி வைக்கச் சொல்லுங்க" என்றார். மச்சான் கையில் கரண்டியோடு என் முன்னால்தான் நின்றிருந்தான். அவன் காதில் அது விழாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் கரண்டி அசையவில்லை. சமையல்காரர் திரும்பி, "சாருக்கு இன்னொரு துண்டு வைக்கணுமாம்" என்று அவனிடம் சொல்லும்வரை காத்திருந்தான். சொன்ன பிறகு, நல்ல துண்டாகத் தேடி எடுத்து வைத்தான்.