அவித்த கம்பளி

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது எங்கள் பக்கத்து முறை. என் தங்கைக்கு அது வாய்க்கவில்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த அந்த ஆண்டுகளில், காசநோய் மருத்துவமனையிலிருந்து திரும்பிய நான், வீட்டின் மேற்கு அறையில் தனித் தட்டும் தனிக் குவளையுமாக இருந்தேன். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இருந்தும், அந்தச் சொல்லை நம்பி ஒரு பச்சைக் குழந்தையை இதே கூரையின்கீழ் கிடத்தும் துணிவு எனக்கு வரவில்லை. அவள் வர வேண்டாம் என்று நானே சொன்னேன்.

“வராண்டாம்னு சொல்லுகதுக்கு ஒனக்கு எப்பிடி மனசு வந்து மக்கா? ஊருல என்ன பேசுவாவ?” என்றாள் அம்மா.

“பேசட்டும் அம்மா. பேச்சு நெஞ்சுல ஒட்டாது” என்றேன்.

தங்கை பேச்சிப்பாறைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்தாள். அவள் கணவருக்குத் தோட்ட ஆபீசில் வேலை. ஆனி பிறந்தால் அங்கே துணி காயாது, சுவர் வியர்க்கும். அந்தக் குளிரில் பிறக்கப்போகும் குழந்தைக்கு என்னிடம் ஒரு கம்பளிப் போர்வை இருந்தது. அதை அனுப்பலாமா என்பதுதான் என்னை வாட்டியது. ஏனென்றால் அதை நான் பின்னியது மருத்துவமனைக் கட்டிலில்.

பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்த நூலை ஒரு வெள்ளைக்கார மதாம்மை மூட்டையாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பின்னல் பழக்கியவர் வார்டு நர்ஸ். எந்த நிறமும் ஒரு சதுரத்துக்கு மேல் தாராளமாக வரவில்லை. ஆகவே சதுரம் சதுரமாகப் பின்னி இணைப்பதென்று தீர்மானித்தேன். கடுகு மஞ்சள், கிளிப்பச்சை, மைநீலம், நடுவில் வைப்பதற்கென்று காப்பாற்றி வைத்த ஒரே ஒரு சிவப்பு. பக்கத்துக் கட்டில்காரர் தேங்காய்ப்பட்டணத்து மீனவர். என் முதல் சதுரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பி.ஏ. சாரே, கண்ணிய இப்பிடி விட்டா நெத்தோலி கூட நிக்காது.”

“இது மீனுக்கில்ல அண்ணாச்சி, பிள்ளைக்கு.”

“பிள்ள நெத்தோலிய விடச் சின்னதாக்கும். இழுத்துப் பின்னும்!”

இழுத்துப் பின்னினேன். இருமல் வரும்போது மட்டும் ஊசியை நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எப்போதும் திருப்பினேனா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நிச்சயப்படவில்லை. சிவப்புச் சதுரத்தின் கடைசி ஓரத்தைத் தைத்து நூலை அறுத்தபோது, படிப்பும் உத்தியோகக் கனவும் பாதியில் நின்றுபோன எனக்கு, ஒரு காரியத்தை முடித்த சந்தோஷம் உடம்பெங்கும் பரவியது. அதைக் கட்டிலில் விரித்துப் பார்த்தேன். மடித்து, மறுபடியும் விரித்தேன். வார்டே வந்து தொட்டுப் பார்த்தது. இருமிக்கொண்டே தொட்டது. என் சந்தோஷம் அந்த இடத்திலேயே சுருங்கிவிட்டது.

டாக்டரிடம் கேட்டேன். “நல்ல வெயிலில் சில நாள் போடும். போதும்” என்றார்.

வெயிலுக்கு நான் எங்கே போவேன்? வீடு திரும்பிய வாரமே மழை பிடித்துக்கொண்டது. கொடியில் போடுவேன், தூறல் விழும், எடுப்பேன். மங்கலாக ஒளி வரும்போதெல்லாம் முற்றத்துக்கு ஓடினேன். இந்த ஒளி கிருமியைக் கொல்லுமா, இல்லை அதைக் குளிர்காய விடுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குள் தோட்டத்திலிருந்து ஆள் வந்தான். குழந்தை குறித்த நாளுக்கு முன்பே பிறந்துவிட்டது, பெண், எடை போதாது, உடம்பில் சூடு தங்கவில்லை. அம்மா அப்போதே புறப்பட்டாள்.

“கம்பளிய எடு மக்கா.”

“இரியும். அவிச்சுத் தாறேன்.”

“எதை?”

“கம்பளிய.”

“கிறுக்கு பிடிச்சிருக்கா? அவிச்சா அது களியாப் போவும்லா!”

போகும் என்று எனக்கும் தெரியும். வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கிப்போகும் என்று நர்ஸ் முதல் நாளே எச்சரித்திருந்தார். ஆனால் அது சுருங்கினால் ஒரு போர்வை கெடும். சுருங்காமல் போய்ச் சேர்ந்தால் என்ன கெடும் என்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. நெல் அவிக்கிற அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். கொதி வந்ததும் போர்வையை உள்ளே விட்டுத் துடுப்பால் அழுத்தினேன். முதலில் சிவப்பு கசிந்தது. மஞ்சளும் பச்சையும் அந்தச் சாயத்தைக் குடித்தன. நானே ஊற்றிய நீரில் நானே பின்னியது வேகிறதைப் பார்த்துக்கொண்டு, போதும் என்று தோன்றியபிறகும் விறகு தள்ளினேன்.

வெளியே எடுத்தபோது அது போர்வையாக இல்லை. சில சதுரங்கள் தடித்து ஒடுங்கியிருந்தன. பருத்தி கலந்த நூலில் பின்னிய சதுரங்கள் சுருங்காமல் ஆப்பம்போல் உப்பி நின்றன. அடுப்புச் சூட்டில் வாட்டி, புகை நாற்றத்தோடு அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைப் பனையோலைப் பெட்டியில் வைத்து பஸ்ஸுக்குப் போனாள்.

அதன்பின் எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான். மலையிலிருந்து யார் வந்தாலும், “பிள்ள இருமுகா?” என்று கேட்டேன். தும்மலையும் கேட்டேன். இல்லை என்று சொன்னவர்களை நம்பாமல் வேறொருவரிடம் கேட்டேன்.

மழை வெறித்த பிறகு, டாக்டர் மறுபடி பார்த்து அனுமதித்தபின், நானே மலையேறினேன். முற்றத்திலேயே நின்றுகொண்டேன். தங்கை குழந்தையோடு வெளியே வந்தாள். குழந்தை தேறியிருந்தது. அந்தக் கோணல் கம்பளி அதைச் சுற்றியிருந்தது.

“இது என்ன கம்பளியாக்கும் அண்ணே? பலாச்சொளையப் பொதிஞ்ச மாதிரி இருக்கு.”

“அவிச்சேன்.”

“அம்ம சொன்னா. வீட்டுக்கு வராண்டாம்னு சொன்ன ஆளு, கம்பளிய மட்டும் சும்மாவா விடுவீரு?” குரலில் கோபம் இருந்தது, கண் நிறைந்திருந்தது. அருகே வந்து, கேட்காமலே குழந்தையை என் கையில் வைத்தாள்.

என் கைகளுக்கு அந்தத் தடித்த கம்பளியும் அதற்குள்ளிருந்த சூடும் தெரிந்தன. உதடுகளை இறுக்கிக்கொண்டு நின்றேன்.

“மூச்ச விடும் அண்ணே” என்றாள் தங்கை. “ஒம்ம மூஞ்சியப் பாத்து பிள்ள பயப்படுகு.”

முகத்தை ரப்பர் மரங்களின் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக விட்டேன்.