ஒரு காருக்கு இரண்டு பெட்டி

என் கணவர் இறந்து பதினொரு மாதம் ஆகியும் அவருடைய மேசையை நான் ஒதுக்கவில்லை. அதன்மேல் இருப்பவை விளையாட்டுக் கார்கள் என்று அக்கா சொல்வாள். அப்படியல்ல. உண்மையான காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர் அந்தத் துண்டுகளை வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, நிறமடித்துக் காராக்க வேண்டும். என் கணவர் நீர்ப்பாசனக் கந்தோர் ஒன்றில் ரி.ஓ.வாக, தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். பகலில் வாய்க்கால், மதகு என்று அளந்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் கதவை அளப்பார். அளப்பது அவருக்கு மருந்தில்லாத ஒரு வருத்தம் மாதிரி. நானும் கணிதம் படிப்பிக்கிறவள்தான், ஆனால் பள்ளிக்கூட மணி அடித்தால் கணக்கை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவள்.

ஒரு பின்னேரம் கந்தோரால் வந்தார், சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார், கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது கை நீட்டவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆஸ்பத்திரி, மரணச் சான்றிதழ், செத்தவீடு, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் சடங்கு எல்லாவற்றையும் நானே நின்று செய்தேன். தவணைப் பரீட்சைத் தாள்களையும் அந்த முப்பத்தொரு நாளுக்குள் திருத்திக் கொடுத்துவிட்டேன். நான் அழவில்லை. "கல்லு மாதிரி இருக்கிறா" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சோற்றுக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று சாப்பிட்ட பிறகும் எனக்குத் தெரியாத காலம் அது.

வருடம் முடிகிற ஆட்டைத் திவசம் நெருங்கியபோது அக்கா வந்து மேசையடியில் நின்றாள்.

"ஆக்கள் வருவாங்க. இந்தக் குப்பையை இன்னும் வெச்சிட்டிருந்தா என்ன நினைப்பாங்க? பெட்டியில போட்டு ஆருக்காவது குடு."

"அவர் துவங்கினத முடிச்சிட்டு எடுக்கிறன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பசைக் குப்பியின் மூடியைக்கூட அதுவரை நான் திறந்ததில்லை. ஆனால் சொன்ன பிறகு அது ஒரு கடமையாகிவிட்டது. திவசத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. அவர் கடைசியாகத் துவங்கியது எங்கள் சொந்தக் காரை. எண்பதுகளில் வந்த, சப்பாத்துப் பெட்டி போன்ற ஜப்பான் கார். பதினாலு வருடம் எங்கள் கேற்றுக்குள் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது என்பதால் அவர் போன மூன்றாம் மாதம் விற்றுவிட்டேன். ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் பாஸ் வாங்கினார். எஞ்சினை மூடுகிற பொனற்றைக்கூடத் திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். "திறந்தும் பாக்காம வாங்கிறானே, என்னவோ இருக்கு" என்று அக்கா அன்றைக்கே சொன்னாள். அவள் எல்லாவற்றிலும் என்னவோ இருக்கிறது என்பாள்.

மேசையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒரே காருக்கு எதற்கு மூன்று என்று அவர் உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்கிறேன். "ஒரு பெட்டியில எல்லாம் சரியா வராது. ஒண்டில உடம்பு நல்லாயிருக்கும், ஒண்டில சில்லு நல்லாயிருக்கும். நல்லதை எடுத்துச் சேர்க்கவேணும்" என்றார். கலியாணத் தரகன் மாதிரிப் பேசுகிறீர்கள் என்று நான் சிரித்தேன். இப்போது நானே ஸ்கேல் தடியும் கையுமாக இருந்தேன்.

மூன்றாவது பெட்டியைப் பார்த்தவுடன் தூக்கி வைத்தேன். அது அமெரிக்கப் பெட்டி, இருபத்தைந்தில் ஒன்று. இருபத்துநாலுக்கும் இருபத்தைந்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நாலு மீற்றர் காரில் அது ஆறேழு மில்லிமீற்றர். சில்லில் ஒரு மில்லிமீற்றர். அந்த ஒரு மில்லிமீற்றர் போதும், அண்ணன் காலுக்குத் தம்பியின் செருப்பைப் போட்டதுபோல் நிற்கும். அவரும் அதைக் கண்டிருக்கிறார். பெட்டியின் மூடியில் பென்சிலால் "சில்லு சின்னது. ஏமாந்தேன்" என்று எழுதியிருந்தார்.

மற்ற இரண்டும் ஜப்பான் பெட்டிகள், ஒரே அளவு. ஒன்று அந்தக் கார் முதலில் வந்த வருடத்தினது, மற்றது இரண்டு வருடம் கழித்து முகத்தை மாற்றி வெளியிட்ட காரினது. விற்கும்போது போனில் எடுத்த படங்களை வைத்துப் பார்த்தேன். பின்விளக்கு, டிக்கி மூடி, கதவு எல்லாம் முதல் பெட்டியோடு பொருந்தின. முன்விளக்கும் பொனற்றும் மட்கார்டும் இரண்டாம் பெட்டி. வெறும் முகத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் சரிவராது, பொனற்றின் சரிவே வேறு. அதனால்தான் அவர் இரண்டு உடம்பிலும், முன்கதவுக்குச் சற்று முன்னால், ஒரே இடத்தில் பென்சில் கோடு போட்டிருந்தார். இரண்டையும் அந்தக் கோட்டில் அரிந்து, இதன் தலையை அதன் உடலில் பொருத்த வேண்டும். அதுவரை எனக்கு விளங்கியது.

விளங்காதது ஒன்றுதான். காரின் அடித்தட்டு தனித் துண்டாக வரும். அதில் இடப்பக்க முன் இருக்கைக்கு முன்னால், காலை வைக்கிற இடத்தில், ஒரு சின்ன நீள்சதுரம் கீறியிருந்தார். வலப்பக்கத்தில் இல்லை. ஆணிக்கும் பெயர் எழுதுகிற மனிதர், அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. அது என்னவென்று தெரியாமல் நான் முடித்தால் அது அவருடைய காராக இருக்காது. பதினொரு மாதத்தில் எனக்குத் தேவை என்று தோன்றிய ஒரே விசயம் அந்தச் சதுரம்தான்.

இணையத்தில் இந்த வேலை செய்கிறவர்களுடைய குழு ஒன்றில் அவர் இருந்தார். அவருடைய கணினியாலேயே காரின் படங்களைப் போட்டு, தரைத்தட்டில் இடப்பக்கம் மட்டும் இப்படி ஏதும் வந்ததா என்று கேட்டேன். எந்த நாட்டுக்காரரோ ஒருவர் பதில் போட்டார்: சதுரம் இருக்கட்டும், இப்படி ஒரு காரே வந்ததில்லை. அந்த முகம் வந்த வருடம் பின்விளக்கும் மாறிவிட்டது. பதினாலு வருடம் என் கேற்றுக்குள் நின்ற காரை இல்லை என்கிறாரே என்று எரிச்சல் வந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு எனக்கு வந்த முதல் எரிச்சல் அது. நல்ல காரமான பதில் ஒன்று எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் கை நின்றது.

எங்கள் பக்கத்தில் 'ஹாஃப் கட்' என்று ஒரு சொல் உண்டு. மோதி நொறுங்கிய காரின் முன்பாதியை அரிந்து எறிந்துவிட்டு, வேறொரு காரின் முன்பாதியைக் கொண்டுவந்து ஒட்டவைப்பது. நிறமடித்துவிட்டால் கண்டுபிடிக்க ஏலாது. அப்படியான கார் ஒன்று ஓடும்போதே ஒட்டு விட்டு இரண்டாகப் போனது என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் கதை வந்தது. வீட்டுக்கு வந்து நான் அவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது: "செத்தாலும் அப்பிடிக் காரில நான் கால் வைக்கமாட்டன். நம்மட ஒரிஜினல் கார், நல்லகாலம்." அவர் ஓம் என்றார். எங்கள் கார் ஒரிஜினல் என்று அந்த ஆசிரியர் அறையில் நான் அடித்த தம்பட்டம் கொஞ்சமல்ல. வாங்கியவுடன் சித்தாண்டிக் கோயிலுக்குக் கொண்டுபோய், பொனற்றில் சந்தனம் வைத்து, நாலு சில்லாலும் தேசிக்காய் நசித்து எடுத்த கார்.

சனிக்கிழமை ஓட்டமாவடிக்குப் பஸ் ஏறினேன். பிளாஸ்டிக் அடித்தட்டைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் எனக்கு ஒரே கேள்விதான். கார் ஒட்டுக்கார் என்றால், விற்றவன் அவரை ஏமாற்றினானா, அல்லது அவர் தெரிந்தே பதினாலு வருடம் என்னை ஏமாற்றினாரா? முதலாவது என்றால் பாவம். இரண்டாவது என்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்த மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

கராஜில் எங்கள் கார் ஓரமாக நின்றது. பாஸ் என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரை போட்டார்.

"இரிங்க டீச்சர். சேர் மவுத்தான நேரம் செத்தவீட்டுக்கு வர ஏலாமப் போயிட்டு. கார் சும்மா நல்லாத்தான் ஓடுது."

"பாஸ், இது ஹாஃப் கட்டா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காரைப் பார்த்தார்.

"ஓம் டீச்சர். நான்தான் ஒட்டின. உங்களிட்ட வாறதுக்கு முன்ன, பழைய சொந்தக்காரனுக்கு. என்ட வேலை எண்டபடியாத்தான் திறந்து பாக்காம வாங்கின."

"அவருக்குத் தெரியுமா?"

"வாங்கி ஒரு வருசத்தால இஞ்ச சேர்விஸுக்குக் கொண்டுவந்தவர். கீழே படுத்துப் பார்த்து அவரே கண்டுபிடிச்சிட்டார். ஏசுவார் எண்டு நினைச்சன், ஏசல்ல. 'டீச்சருக்குச் சொல்லிராதீங்க, மறுகா ஏறமாட்டா' எண்டு மட்டும் சொன்னார்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த மனிதர். நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அடித்தட்டைக் காட்டினேன். பாஸ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போய்க் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, தரைவிரிப்பை உயர்த்தினார். குனிந்து பார்த்தேன். முன்னால் வெள்ளைத் தகரம், பின்னால் மண்ணிறத் தகரம். இரண்டு காரும் சந்திக்கிற இடத்தில் தடித்த ஒட்டுக்கோடு. அந்தக் கோட்டுக்கு மேலால், என் கால் இருக்கிற இடத்தை மூடி, ஒரு இரும்புத் தகடு நாலு பக்கமும் ஒட்டப்பட்டிருந்தது. சதுரம் அதுதான்.

"ஒட்டு பலம்தான் டீச்சர், நான் வெச்ச ஒட்டு விடாது. எண்டாலும் அவருக்கு மனம் கேக்கல்ல. மேலால ஒரு தகடு வைங்க எண்டார். அண்டைக்கு என்னட்டக் கிடந்தது ஒரு துண்டுதான், ஒரு பக்கத்துக்குத்தான் காணும். எந்தப் பக்கம் சேர் எண்டு கேட்டன். இடப்பக்கம் எண்டார். வலப்பக்கத்துக்குத் தகடு வந்ததும் சொல்லுறன் எண்டு சொன்னன், சொல்லியும் அனுப்பின. வாறன் வாறன் எண்டார். வரல்ல."

பாஸின் மனைவி தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருந்தார். குடித்தேன். பேனாவும் அடிமட்டமும் கேட்டு வாங்கி, தகட்டின் நீளம், அகலம், கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று அளந்து எழுதினேன். தடிப்பு மூன்று மில்லிமீற்றர் என்று பாஸ் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கோபத்தைத் தேடிப் பார்த்தேன். பதிமூன்று வருடம் அந்தத் தகட்டில் காலை வைத்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவாப் போங்க என்று அவரை நச்சரித்திருக்கிறேன். கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது, அது பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரிக் கிடந்தது. தொட்டால் தொட்டது தெரியும், நோகாது.

அடுத்த நாலு கிழமையும் பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலை செய்தேன். இரண்டு உடம்பையும் கோட்டில் அரிந்தேன். ஒன்று கோணிப்போய்ப் பசைமாவால் நிரப்பித் தேய்க்க வேண்டி வந்தது. நிறமடித்த நாள் மழை. ஈரக் காற்றில் நிறம் சாம்பல் பூத்துப்போனது. சுரண்டிவிட்டு, வாவிப் பக்கம் வெயில் எறித்த ஒரு நாளில் திரும்ப அடித்தேன். ஒட்டு இருந்த இடம் வெளியில் தெரியவில்லை. பாஸுக்குக் காட்டினால் சந்தோசப்படுவார்.

கடைசியில் தகடு. மூன்று மில்லிமீற்றரை இருபத்துநாலால் பிரித்தால் கடதாசித் தடிப்புக்குத்தான் வரும். வெறும் சோடா ரின் ஒன்றின் தகரத்தை வெட்டித் தேய்த்து, அளவுக்கு ஒரு துண்டு எடுத்தேன். இடுக்கியால் பிடித்து இடப்பக்கத்தில், அவர் கீறிய சதுரத்தின் மேல் ஒட்டினேன். சரியாகப் பொருந்தியது. அத்தோடு கார் முடிந்தது. எந்த நாட்டுக்காரர் வந்து அளந்தாலும் பிழை சொல்ல ஏலாது.

வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. பதினாலு வருடம் அவருடைய காலுக்குக் கீழே ஒட்டுக்கோடு மட்டும்தான் இருந்திருக்கிறது. அவர் செத்தது காரில் அல்ல, கதிரையில். தகடு இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

ரின்னில் இன்னொரு துண்டு வெட்டினேன். அதே நீளம், அதே அகலம். வலப்பக்கத்தில் வைத்து ஒட்டி, விரலால் அழுத்திப் பிடித்தேன். உண்மையான காரில் அந்தத் தகடு இல்லை, அதனால் இந்தக் கார் இனிப் பிழை. பசை இறுக ஒரு நிமிடம் போதும் என்று குப்பியில் எழுதியிருக்கிறது. அக்கா வந்து கூப்பிடும்வரை நான் விரலை எடுக்கவில்லை.