அம்மா, நீங்க யாரு வூடு?

போன வாரம் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் கொஞ்ச நேரம் கடலுக்கு அடியில் இருந்தேன்.

சிரிக்காதீர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ஜன்னல்களை ஜமக்காளத்தால் மூடியிருந்தோம். திருச்சியிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த புரொஜெக்டர் மண்டபம் முழுக்க நீலத்தைப் பரப்புகிறது. மேடையில் கட்டிய வெள்ளை வேட்டிதான் திரை. அதில் ஒரு குழாய், குழாயில் ஒரு துளை. துளையிலிருந்து சொட்டு... சொட்டு... சொட்டு. ஃபேன் காற்றில் வேட்டி அசைய, தண்ணீரும் கூடவே அசைகிறது.

நான் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவள். வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சுற்று வட்டாரத்து விவசாயிகள். பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிட்டது.

பேசிக்கொண்டே இருக்கிறேன்... என் குரல் எனக்கே எங்கோ தூரத்தில் கேட்கிறது. இந்த ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாமே? சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இடத்தில் இன்றைக்கும் சிப்பி மாதிரி கல் கிடைக்கிறது. அப்படியானால் இந்த மண்டபத்துக்கு மேலே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கும்? முன்வரிசையில் வாயைத் திறந்து தூங்கும் இந்தப் பெரியவரின் இடத்தில் எந்த மீன் தூங்கியிருக்கும்? வாய் பாட்டுக்கு ஃபில்டரைப் பற்றிச் சொல்கிறது, மனசு பாட்டுக்கு நீந்துகிறது. சுகமாக இருந்தது.

கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். எங்கள் மேனேஜர்.

அரியலூர் ஏரியாவை யாரிடம் கொடுப்பது என்று அன்றைக்குத்தான் அவர் முடிவு செய்வதாக இருந்தது. எனக்குக் கிடைத்தால், காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டுக் கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்தில் பெரம்பலூருக்குத் திரும்பிவிடலாம். கிடைக்காவிட்டால்? எனக்குத் தர்மபுரி, அவளுக்கு ஹாஸ்டல். ஏழாவதுதான் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே — அவள் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

"ஸ்லைடு யாரு வேணா போடலாம்மா. கேள்வி நேரத்துலதான் ஆளு மாட்டும்" என்று மேனேஜர் முன்கூட்டியே பயமுறுத்தியிருந்தார். அதனால் வீட்டில் ஒரே ஒத்திகை. நான் தோசை ஊற்ற, மகள் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு விவசாயியாகிவிடுவாள். "எலி கடிச்சா என்ன பண்றது? துளையில உப்பு அடைச்சா என்ன பண்றது?" எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

விளக்குகள் எரிந்தன. கடல் வடிந்தது. "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

முன்வரிசைப் பெரியவர் திடுக்கிட்டு விழித்தார். "சந்தேகமெல்லாம் எதுக்கு தாயி? பாத்தா நல்ல புள்ளையாத்தான் தெரியுற."

மண்டபமே சிரித்தது. தப்பு அவர்மேல் இல்லை. கேள்வி கேளுங்கள் என்று சொல்லாமல், சந்தேகப்படுங்கள் என்று நாமே ஏன் ஊரைக் கூட்டிச் சொல்கிறோம்?

அடுத்து ஒரு மீசைக்காரர். "இங்க முன்ன கடலா கெடந்துச்சாம்ல? அம்மாந் தண்ணி கெடந்த ஊருல, இப்ப சொட்டு சொட்டா விக்க வந்திருக்கீங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனசுக்குள் நினைத்தது இவருக்கு எப்படிக் கேட்டது? "ஆமாங்கய்யா... மிச்சம் அவ்வளவுதாங்க இருக்கு" என்றேன். கைதட்டினார்கள். மேனேஜர்கூடச் சிரித்த மாதிரி இருந்தது. பரவாயில்லையே என்று எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போதுதான் உடையார்பாளையத்துக்காரர் ஒருவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அம்மாவுக்கு எந்த ஊரு?"

"பெரம்பலூருங்க."

"பெரம்பலூருல எங்க?"

"குரும்பலூர் போற ரோட்டுலங்க."

"அங்க யாரு வூடு?"

போச்சு! கரண்டி மைக்கில் வராத கேள்வி. நம் பக்கத்தில் இதற்கு ஓர் ஆண் பெயரைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். என் அப்பா காலமாகிவிட்டார். இன்னொரு பெயரை நான் சொல்வதை விட்டு நாளாகிறது.

பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள், யோசிக்க நேரம் கிடைக்கும் என்று டிரெயினிங்கில் சொல்லித் தந்திருந்தார்கள். அதையே செய்தேன். "ஐயா கேக்குறது... நான் யாரு வூடுன்னு."

மைக் அதைச் சமையல்கட்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. குழாயைப் பற்றிக் கேளேன்யா, என் வீட்டைப் பற்றி உனக்கென்ன? அழுகையும் வந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. அந்த மனிதரைப் பார்த்தேன். அவர் முகத்தில் விஷமம் துளியும் இல்லை, பதிலுக்காகச் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"எங்க வூடுதாங்கய்யா. நானும் எம் பொண்ணும் இருக்கோம். வேற யாரும் இல்லைங்க."

தர்மபுரி பஸ் ஹாரன் அடிப்பதே கேட்டுவிட்டது எனக்கு.

ஓரமாகச் சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் எழுந்தார். ஆரோக்கியமேரி என்று பெயர். வரதராஜன்பேட்டையில் கத்திரியும் மிளகாயும் போடுகிறவர்.

"ஏம்மா, அப்ப பைப்பு அடைச்சுக்கிட்டா நேரா உன்னையே வந்து கேக்கலாமா?"

"கேக்கலாங்கக்கா."

"வூட்டுக்காரர் வரட்டும், அவருகிட்ட சொல்றேன்னு இழுக்க மாட்டியே?"

"இழுக்கறதுக்கு ஆளே இல்லைங்கக்கா."

"அப்ப எம் பேர எழுதிக்க. எங்களுக்கு மோட்டாரு வித்தவன் கடைக்கு எப்பப் போனாலும் எங்க அண்ணன் வரட்டும், எங்க அப்பா வரட்டுங்கிறானுவ. மோட்டாரு செத்துக் கெடக்கு, ஒருத்தனும் வந்தபாடில்ல."

உடையார்பாளையத்துக்காரர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். கொஞ்சம் மனத்தாங்கலாகவே சொன்னார். "நானும் அதுக்குத்தானம்மா கேட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு கதவத் தட்டுறதுன்னு தெரிய வேணாமா? எம் பேரையும் எழுதுங்க."

அதற்குப் பிறகுதான் எலி வந்தது, உப்பு வந்தது, ஃபில்டர் வந்தது. எல்லோரும் மேடையைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

சாயங்காலம் ஜீப்பில் பெரம்பலூருக்குத் திரும்பினோம். எதிரே சிமென்ட் லாரிகள் வரிசையாக வந்தன. வெயில் சாய்ந்த புழுதிக்குள் ரோடும் வயலும் கரைந்து, எல்லாம் மறுபடி தண்ணீராகிவிட்ட மாதிரி இருந்தது. மேனேஜர் முன்சீட்டில் பெயர் எழுதிய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் மிதந்துகொண்டே வந்தேன்.

"அரியலூர் உங்களுக்குத்தாம்மா" என்றார் திடீரென்று.

மகளுக்குச் சொல்லப் போனை எடுத்தேன்.

"ஆனா ஒண்ணு. அடுத்த மீட்டிங்ல யாரு வூடு, எந்த ஊருன்னு பர்சனலா கேட்டா பதில் சொல்லாதீங்க. பிசினஸ் கேள்விய மட்டும் எடுத்துக்குங்க."

"சார்... அங்க கேட்டதுலயே அது ஒண்ணுதான் சார் பிசினஸ் கேள்வி!"