மர்ஸூக்கின் தள்ளாட்டம்

வெள்ளவத்தையில் பொத்தானும் நூலும் லேஸும் விற்கும் மர்ஸூக்கைக் குடிக்காதவர் என்று சொன்னால் போதாது. பக்கத்து ஃப்ளாட்காரர் நத்தார் பண்டிகைக்குக் கேக் கொடுத்தனுப்பினால், பிராந்தி விட்டிருப்பார்கள் என்று அதைத் தொடவே மாட்டார். அந்த மனிதரைத்தான் மனைவி ஜவாஹிறா ஒருநாள் குடிகாரர் என்று நினைத்தாள்.

போன வருடம் மர்ஸூக்கின் காலில் இரத்தம் கட்டியது. அன்றுமுதல் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குளிசை. ராச்சோறு முடிந்ததும் அதை எடுத்துக் கொடுப்பது ஜவாஹிறாவின் வேலை. "தலையிடி வந்தா, பேச்சுக் குழறினா, தள்ளாடினா உடனே கொண்டு வாங்க. அடி படாமலே மூளையைச் சுத்தி இரத்தம் கசியலாம்" என்று டொக்டர் அவளிடம்தான் சொல்லியிருந்தார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஓட்டோக்காரர் ஒருவர் மர்ஸூக்கைக் கைத்தாங்கலாக லிஃப்டில் கொண்டுவந்து விட்டார். "நோனா, மஹத்தயா பீலா வகே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். ஐயா குடித்திருக்கிறார் போல என்று அர்த்தம். லிஃப்டுக்குள் நின்றவர்களும் சிரித்தார்கள். ஜவாஹிறாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்த நாள்தான் மகள் நிம்றாவைப் பார்க்கத் தெஹிவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

கணவரைக் கட்டிலில் சரித்துவிட்டு வாயை மோந்து பார்த்தாள். ஏலக்காய்த் தேத்தண்ணி வாசம் மட்டும்தான். தன் மூக்கை விட்டுவிட்டு ஓட்டோக்காரரின் சிரிப்பை நம்பினாள். இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வரும்.

"தல... இடிக்கிது" என்றார் மர்ஸூக் குழறியபடி.

"இடிக்காம என்ன செய்யும்? நாளைக்கு ஆக்கள் வாறாங்க. இன்டைக்கா இந்தக் கூத்து? தவ்பா செய்ங்க!"

எதற்கென்று தெரியாமலே அவர் பாவமன்னிப்புக் கேட்டார். அதுவும் குழறியது.

நிம்றா குறுக்கே வந்தாள். "உம்மா, வாப்பா குடிக்கிற ஆளா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

"இந்தக் கோலத்துல லிஃப்ட்ல கொண்டு போறதா? ஊரே பாக்கும். வாயப் பொத்திக்கிட்டு இரி. படுத்தெழும்பினா எல்லாம் சரியாயிரும்."

அறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். ராச்சோறு நேரத்தில் திறந்து, வழமைபோல் குளிசையையும் விழுங்க வைத்துவிட்டு மறுபடி பூட்டினாள்.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அவர் எழும்பவில்லை. வலக்கையைத் தூக்கத் தூக்கத் தொப்பென்று விழுந்தது. அதே லிஃப்டில்தான் கொண்டுபோனார்கள்.

ஸ்கேனில் மூளையைச் சுற்றி இரத்தம் தெரிந்தது.

"எப்ப இருந்து இப்பிடி?" என்று கேட்டார் டொக்டர்.

"நேத்து அஸருக்குப் பொறகு."

"அப்பவே ஏன் கொண்டு வரல்ல?"

நிம்றா உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சீக்கிறாரு என்டு நெனச்சேன், டொக்டர். வெக்கத்துல பூட்டி வச்சேன்."

"ராவைக்குக் குளிசை?"

"குடுத்தேன்."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் லிஃப்டில் நின்றவர்களின் சிரிப்பு ஒன்றுமே இல்லை. நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

மண்டையில் துளையிட்டு இரத்தத்தை எடுத்தார்கள். மர்ஸூக் பிழைத்தார். ஆனால் அந்த வலக்கையால் இனி ஒரு பொத்தானைக்கூடப் பொறுக்க முடியாது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு, பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அவருக்குப் பேச்சுத் தெளிந்த அன்று ஜவாஹிறா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியை இடக்கையால் தடுத்தார்.

"அன்டைக்கு நீ தவ்பா செய்யச் சென்னியே, ஜவாஹிறா. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

உம்மாவே சொல்லட்டும் என்று நிம்றா எழுந்து வெளியே போனாள்.