பூட்டு அத்தையின் கவுன்ட்டர் குரல்

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் மாணவர் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் என் அத்தைக்கு வீட்டில் வைத்த பெயர் பூட்டு. மாணவர் சம்மதிக்காமல் அவரைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா என்னைக் காட்டி, "இவன் ஒழுங்கா படிக்கிறானா? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்று அவளிடம் கேட்டார். எனக்கு விக்கல் வந்தது. பகலில் ஒரு வேலை கிடைத்ததால், வீட்டில் சொல்லாமல் பகுதிநேரப் படிப்புக்கு மாறியிருந்தேன். அந்த மனு அத்தையின் மேஜை வழியாகத்தான் போனது.

அத்தை அலுவலகக் கவுன்ட்டரில் பேசுவது போலவே மூக்கால் பேசினாள். "மாணவர் சம்மதம் எழுதித் தரணும் சார். அடுத்து யாரு?"

"நான் உன் அண்ணன்டி!"

"கவுன்ட்டர்ல அண்ணனும் கிடையாது, மன்னனும் கிடையாது."

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "இப்படி மழுப்புறியே, படிப்பையே விட்டுட்டானா?"

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் வாயில் வந்தது அத்தையின் மூக்குக் குரல்தான். "மாணவர் பகுதிநேரத்துக்கு மாறியிருக்கார் சார். படிப்பை விடலை."

"இவ்வளவுதானா? வயித்துல புளியைக் கரைச்சிட்டியேடா!" அப்பா சிரித்தே விட்டார்.

பூட்டும் திறந்தது. "படிச்சு முடிக்க கூடுதலா ரெண்டு வருஷம் ஆகும்ணே, பட்டம் அதேதான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "டேய், என் குரலை எடுக்க நான் எப்படா சம்மதம் எழுதித் தந்தேன்?"