ரூபன் அண்ணையின் குழாய்

யாருக்கும் காட்டாதீர்கள் அக்காமார். ஸ்கிரீன்ஷொட் எடுத்து அம்மாமாரின் குழுக்களில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து...

நம் தமிழ்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவிகள் குழுவில் மட்டும்தான் இதை எழுதுகிறேன். பெடியன்கள் முகநூல் பக்கம் வருவதில்லை. அது மாமாமாருக்கானதாம்.

ரூபன் அண்ணை செத்துப்போனார். டோர்ட்மண்டில் வேப் என்கிற மின்சிகரெட் கடை வைத்திருந்த ரூபன் அண்ணை.

எல்லோரும் மெழுகுதிரிப் படம் போடுகிறார்கள். தங்கமான மனுசன்... பெடியளின் தோழன்... திடீர் மாரடைப்பு...

மாரடைப்பு இல்லை. கடையின் பின்னறையில், வாயில் வைத்திருந்த வேப்பின் பற்றரி வெடித்தது.

அவருடைய மனைவி என் அம்மாவோடு ஃபோனில் அழுதா. "கடைசியா ஒருக்கா முகத்தைப் பாக்க விடுங்கோ எண்டு கெஞ்சினனான் அக்கா. வேண்டாம், நீங்கள் பாக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டினம்."

நான் அழவில்லை.

வேப் பிடிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கடையில் இரண்டு சாதி. ஒன்று பெட்டி, உள்ளே சிப் இருக்கும். மற்றது குழாய், உள்ளே பற்றரியைத் தவிர ஒன்றுமே கிடையாது.

சூடாகிப் புகையை எழுப்பும் கொயிலை அவரே கம்பியால் சுற்றுவார். அதன் மின்தடை குறையக் குறையப் புகை கூடும், பற்றரியும் கொதிக்கும். அளவுக்கு மீறித் தடை குறைந்தால் பெட்டியிலுள்ள சிப் மறுத்துவிடும். குழாய் மறுக்காது. அதற்கு மறுக்கத் தெரியாது.

கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் இதைத்தான் செய்து காட்டுவார். தடை மிகவும் குறைந்த கொயில் ஒன்றைப் பெட்டியில் பூட்டி அழுத்துவார். திரையில் எச்சரிக்கை வரும், புகை வராது.

"பாருங்கோடா, பெட்டி பயத்தில மூத்திரம் போட்டிட்டுது!"

பிறகு அதே கொயிலைக் கழற்றிக் குழாயில் பூட்டுவார். கடை முழுக்கப் புகை. "குழாய் ஆம்பிளையடா. கேள்வி கேக்காது, குடுக்கும்." பெடியன்கள் கை தட்டுவார்கள்.

சிப் மறுப்பதைப் பயம் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் நம்பினார்கள்.

என் அண்ணன் கஜன் தன் முதல் Ausbildung தொழிற்பயிற்சிச் சம்பளத்தில் வாங்கியது பெட்டி. அன்றிலிருந்து அவனுடைய பெயரே பெட்டிதான்.

"பெட்டி வாறான், வழி விடுங்கோடா. இடிபட்டுச் சிப் உடைஞ்சால் தாய்க்கு ஆர் பதில் சொல்றது?"

ஒருநாள் கஜனைக் கடையிலிருந்து கூட்டி வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினா. அப்போதுதான் ஃபிசிக் வகுப்பில் ஷோர்ட் சேர்க்கிட் படித்திருந்தோம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்... "அண்ணை, இவ்வளவு குறைஞ்ச தடை கிட்டத்தட்ட ஷோர்ட் சேர்க்கிட்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓகோ, புரொஃபெஸர் அம்மா வந்திருக்கிறா. எல்லாரும் எழும்பி நில்லுங்கோடா!"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கஜனும் நின்றான். அவன்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான்.

திரும்பி வரும்போது டிராமில், என்னைப் பார்க்காமலே சொன்னான்: "இன்னொருக்கா அங்க வந்தியெண்டால் வாயிலேயே போடுவன்."

இந்த வருடம் கஜனின் பிறந்தநாளுக்கு ரூபன் அண்ணை செம்புக் குழாய் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். ஒரு நிபந்தனை. தான் பிறந்தநாள் பாட்டுப் பாடி முடிக்கும்வரை பொத்தானிலிருந்து விரலை எடுக்கக்கூடாது. பாட்டை இழுத்து இழுத்துப் பாடினாராம்.

கஜனின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அம்மாவிடம் அவன் அடுப்புத் தட்டு சுட்டது என்றான்.

"பரவாயில்லை, இப்ப அரைப் பெட்டி" என்று ரூபன் அண்ணை அவனுடைய தோளில் தட்டினாராம். அதை எவ்வளவு பெருமையாக என்னிடம் சொன்னான்...

அம்மா பனியில் சறுக்கி விழுந்தபோது தூக்கிக் காரில் ஏற்றியதும் இதே ரூபன் அண்ணைதான். அதையும் எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

நாளைக்குத் தகனம். முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் பெடியன்கள் அவருக்கு மரியாதை செய்யப் போகிறார்களாம். அவர் கடைசியாகச் சுற்றி வைத்த கொயில்களைக் கடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். அவற்றைக் குழாய்களில் பூட்டிப் புகை விடுவார்களாம். முதல் ஆள் கஜன். அவனே கேட்டு வாங்கிய இடம்.

"நாளைக்குப் பிறகு ஒருத்தனும் என்னைப் பெட்டி எண்டு கூப்பிடமாட்டான்."

"அப்படியான கொயில்தானே அவரைக் கொன்றது?" என்றேன்.

"அது அவரின்ர விதி. உனக்கு வாய் கூடிப்போச்சு."

அவனுடைய பற்றரியைப் பார்த்தேன். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தோல் ஓரத்தில் கிழிந்து உலோகம் தெரிகிறது. அது குழாயில் பட்டாலே ஷோர்ட் சேர்க்கிட், வெடிக்கலாம். டேப் ஒட்டினால் சரியாம்.

அப்பாவிடம் சொல்ல ஏலாது. சொன்னால் அவனை இந்த இரவிலேயே வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடுவார். அம்மாவிடம் சொன்னால் அப்பாவிடம் சொன்ன மாதிரித்தான்.

அதனால் அவன் குளிக்கப் போனபோது எடுத்துவிட்டேன். பற்றரி பல்கனிப் பூச்சாடி மண்ணுக்குள். குழாயும் கொயிலும் என் தலையணை உறைக்குள். போர்வைக்குள் இருந்துதான் தட்டச்சு செய்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்...

தண்ணீர்ச் சத்தம் நின்று நேரமாகிவிட்டது. பக்கத்து அறையில் மேசை லாச்சிகளை இழுத்து இழுத்து அடிக்கிறான்.

காலையில் அவன் இன்னொரு குழாயை யாரிடமாவது வாங்கிவிட்டால்? அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாராவது நாளைக்கு அங்கே போகிறீர்களா? போனால் அவனுக்குப் பக்கத்தில் நில்லுங்கள் அக்கா. நான் சொன்னேன் என்று மட்டும்...

ரூபன் அண்ணை, போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போங்கோ. வராதேங்கோ. கஜனையும் கூட்டிக்கொண்டு போகாதே

தட்டுகிறான். "எடியே, கதவைத் திற. எனக்குத் தெரியும், நீதான் எடுத்த