அக்கா தன் கையால் அடித்த பத்திரம்

என் அண்ணன் பொய் சொன்னார். போன வருஷம் அக்காவின் கருமாதி அன்று, திருக்கோகர்ணத்தில் அக்கா வாழ்ந்த இதே வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். அக்காவோடு சேர்ந்து சட்டத்தை மாற்றச் சொல்லி மனு எழுதிவந்த பெண்கள் எதிரே இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "சொத்த அது மனசாரத்தான் எழுதிக் கொடுத்துச்சு. அதுவே தன் கையால டைப் அடிச்ச பத்திரம். யாரும் கழுத்தப் புடிச்சு அடிக்கச் சொல்லல" என்றார். உறவினர்களாகிய நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன். இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

வருஷத் திதிக்குப் போடுகிற நினைவு மலரை இப்படியா ஆரம்பிப்பது என்று அச்சகத்துக்காரர் கேட்டார். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. நான் டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவன். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

திருவரங்குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள எங்கள் ஊரில் அக்கா பிறந்தார். அண்ணன் மூத்தவர், நடுவில் அக்கா, கடைசியாக நான். எனக்கு மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டார். அப்போது அக்காவுக்குப் பதினொன்று. அதிலிருந்து என் தலைக்கு எண்ணெய் வைத்தது, தண்ணீர் ஊற்றியது, சட்டைக்குப் பொத்தான் தைத்தது எல்லாம் அக்காதான். பள்ளிக்கூடத்தில் அம்மா பெயர் கேட்டபோது நான் அக்கா பெயரைச் சொல்லிவிட்டேன். வாத்தியார் சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்பா நார்த்தாமலைப் பக்கம் கல் ஏற்றப் போய், அந்தக் கூலியில் ஒரு வறண்ட காட்டு நிலத்தை வாங்கினார். அதில் கிணறு வெட்டினார்கள். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். பிற்பாடு வெளிநாடு போய் அவர் அனுப்பிய பணத்தில்தான் மோட்டார் வந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கிணற்று மண்ணைக் கூடையில் சுமந்தது அக்கா. பள்ளி விட்டு வந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பொழுது இறங்கும்வரை சுமப்பார். ஊற்று கண்ட அன்று கலங்கல் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி ஓடிவந்து என் வாயில் ஊற்றினார். பாதி வழியிலேயே ஒழுகிவிட்டது. "மிச்சம் இருக்கதக் குடிடா, நம்ம கெணத்துத் தண்ணி" என்றார். அந்த மண் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

பத்தாவது முடித்ததும் டவுனில் தட்டச்சுப் பள்ளிக்குப் போனார். வீட்டில் மெஷின் ஏது? தரையில் அடித்துப் பழகுவார். சாப்பிடும்போதுகூட இலை ஓரத்தில் விரல்கள் ஓடும். அப்பா, "சோத்துல என்னத்தா எழுதுற?" என்பார். "ஒங்களுக்கு ஒரு மனுப்பா. கொழம்புல உப்பு இல்லன்னு" என்பார் அக்கா. பிற்காலத்தில் எத்தனையோ மனு எழுதினார். எனக்குத் தெரிந்த முதல் மனு அதுதான்.

பத்திர ஆபீசுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை கிடைத்தது. எந்த ஆபீஸ் என்று இங்கே எழுதவில்லை. எல்லா ஊரிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. பிறகு டவுன் பஸ் கண்டக்டராக இருந்த மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டு இந்த வீட்டுக்கு வந்தார். மச்சான் தங்கமான மனிதர். அவர்களுக்கு ஒரே மகள். நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். பாப்பா பிறந்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வருஷம் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் கொண்டுவந்து, பிள்ளையைத் தன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் வரவில்லை என்றால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடே இல்லை என்று புகுந்த வீட்டார் பேசுவார்கள். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் விடுமுறையில் வந்திருந்தார். அக்காவிடம் சொன்னார்: "விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்ரு தங்கச்சி. மறுநாளே சீரோட வாரோம். இல்லைன்னா நானும் வரல, தம்பியும் வர மாட்டான்."

தம்பி என்பது நான். எனக்கு இருபது வயது. "நான் வருவேன்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், காரியம் வேறு மாதிரிப் போயிருக்கும். நான் சொல்லவில்லை.

விடுதலைப் பத்திரம் என்றால், அப்பன் சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று பெண் எழுதிக் கொடுப்பது. வெளியில் அடித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அண்ணன் அதை அக்காவையே அடிக்கச் சொன்னார். எழுத்தர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். முத்திரைத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அக்கா அடித்தால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. 'யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி என் மனச்சம்மதத்தின் பேரில்' என்ற வரி வரும் இடத்தில் கை நின்றுவிட்டது.

"அண்ணே, இந்த ஒரு வரி இல்லாம எழுதலாமா?" என்று கேட்டார்.

"அது இல்லாட்டி பத்திரம் செல்லாதுன்னு வாரவக எல்லார்ட்டயும் நீதானே சொல்லுவ. அடி, நேரமாகுது" என்றார் அண்ணன்.

அக்கா அடித்தார். எதிரே பத்திர ஆபீசுக்குப் போய் நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் நிற்க, "சம்மதமாம்மா?" என்று கேட்டார்கள். "சம்மதம்" என்றார். மறுநாள் காதுகுத்து. வேட்டி கசங்கும் என்று அண்ணன் என்னை மடி கொடுக்கச் சொன்னார். பாப்பாவை என் மடியில் வைத்தபோது அக்காவின் இடதுகைக் கட்டைவிரலில் ரேகை வைத்த மை போகாமல் இருந்தது. பாப்பா வீறிட்டு அழுதாள். எல்லாரும் சிரித்தீர்கள். அந்தப் போட்டோ உங்களில் பலர் வீட்டில் இன்னும் இருக்கும். எடுத்துப் பாருங்கள், மை தெரியும்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தார். விடுதலைப் பத்திரம் எழுத எந்தப் பெண் வந்தாலும், அடித்து முடித்து உரக்க வாசித்துக் காட்டுவார். அக்காவிடம் செலவுக்குக் காசு வாங்கப் போன ஒரு நாள் நானே பார்த்தேன். மூன்று அண்ணன்களோடு ஒரு அம்மாள் வந்திருந்தார்.

"இதுல என்ன எழுதிருக்குன்னு தெரியுமாம்மா?"

"அண்ணனுக்குத் தெரியுங்க."

"பங்கு ஒங்களுதுல்ல?"

ஒரு அண்ணன் குறுக்கே விழுந்தார். "ஏம்மா, ஒன் வேல டைப் அடிக்கிறதுதானே. வாசிக்கிறதுக்குமா சேத்துக் காசு வாங்குற?"

"அடிச்சதுல தப்பு இருக்கான்னு பாக்கணும்ல. பெரிய தப்பா ஒண்ணு இருக்குங்க, அதான் வாசிக்கிறேன்."

அந்த அம்மாள் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். எழுத்தர் அந்த வருஷம் பூராவும் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "அம்மா, நீ இருந்தா இங்கிட்டு ஒரு அண்ணன் தம்பியும் வர மாட்டாக" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அக்காவைப் போராட வீதிக்குக் கொண்டுவந்தது வசந்தா. இது உண்மைப் பெயர் இல்லை. அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் வசந்தாவின் பத்திரத்தை அடித்தது அக்காதான். புருஷன் அடி தாங்காமல் வசந்தா இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு ஓடிவந்தாள். "இங்க ஒனக்கு என்ன இருக்கு? எழுதிக் கொடுத்துட்டேல்ல" என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார். பொழுது சாயும்வரை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு அவள் புருஷன் வீட்டுக்கே திரும்பினாள். இரண்டு மாதத்தில் செத்துப்போனாள். துக்கம் விசாரிக்கப் போய்வந்த அக்கா மூன்று நாள் சோறு தொடவில்லை. "அந்தக் கதவ நாந்தான்டா சாத்துனேன். கையில சாத்தல, டைப்புல சாத்துனேன்" என்றார்.

பெண்ணை அடித்தால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் அடி வாங்கியவள் அன்றைக்கே எங்கே போய்ப் படுப்பாள் என்பதுதான் அக்காவின் கேள்வி. பிறந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு அறை, ஒரு காணி மிச்சம் இருந்தால் அவளை அடிக்கிற கை யோசிக்கும் என்பார். அதனால் அவர் கேட்ட திருத்தம் சின்னதுதான். பெண் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் பதிகிறபோது உடன்பிறந்தவர்களையும் புருஷனையும் வெளியே அனுப்பிவிட்டு, அவளைத் தனியே உட்காரவைத்து முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகும் ஆறு மாதத்துக்குள் மனம் மாறினால் அந்தப் பத்திரம் செல்லக் கூடாது.

தட்டச்சுப் பள்ளியை மூடியபோது அங்கிருந்த பழைய மெஷின் ஒன்றை வாங்கி இந்த வீட்டு முன்னறையில் போட்டார். ஆறேழு பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி பருப்பு கடைவாள், ஒருத்தி கார்பன் தாள் அடுக்குவாள். பெரிய சத்தமும் சிரிப்புமாக இருக்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போவார்கள். ஓட்டுக் கேட்டு வந்த எல்லாக் கட்சிக்காரரிடமும் மனு கொடுத்தார்கள். சென்னையில் போய் வெயிலில் உட்கார்ந்தார்கள். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று வந்த பதில்கள் ஒரு அரிசிப் பை நிறைய இருக்கின்றன. மச்சான் கிண்டல் செய்வார்: "சட்டத்த மாத்துறதுதான் மாத்துறீக, பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் கெடையாதுன்னும் ஒரு வரி சேத்துக்கங்க. என் கை வலியாச்சும் கொறையும்." மச்சான் காலமான பிறகு பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானது. முதல் நாள் டிக்கெட் வாங்காமல் போய்வந்த அக்கா, "ஒங்க மச்சான் கேட்டது மட்டும் நடந்துருச்சுடா" என்று சொல்லிச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

உறவினர்களாகிய நீங்கள் அவரை என்ன செய்தீர்கள்? சொத்துக்காரி என்றீர்கள். வந்தால் பெண் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று கல்யாணப் பத்திரிகை வைக்காமல் விட்டீர்கள். உங்கள் மகள்களோ உங்களுக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் செய்தார்கள். யார் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அக்காவும் கடைசிவரை சொல்லவில்லை.

தன் பங்கை மட்டும் அக்கா கேட்கவே இல்லை. ஒருமுறை நானே பேச்செடுத்தேன். "வேணாம்டா தம்பி. நான் கேட்டேன்னா, இதுக்குத்தான் இம்புட்டு நாளும் ஆடுனான்னு சொல்லிருவாக. மனு செத்துரும்" என்றார்.

கடைசி ஆறு மாதம் சிறுநீரகம் கெட்டு, கை வீங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கையில் பாப்பா புது மனுவை வாசித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்தச் சொன்னார். "மனச்சம்மதம்னு எழுதாத. சம்மதம்னு மட்டும் எழுது. மனசு ஆபீசுக்குத் தெரியுமா?" அதற்குப் பிறகு மனுவைப் பற்றி அவர் பேசவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு வந்த நிலத்தைப் பாப்பா பெயருக்கு எழுதிவைக்கிறேன் என்று கருமாதி முடிந்ததும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நெலம் இருக்கட்டும் மாமா. மொதல்ல வாயத் தெறங்க" என்றாள். திறக்க எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. நிலத்தையும் போன மாதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தோழிகள் அடுத்த மாதம் மறுபடி சென்னை போகிறார்கள். மனுவோடு அக்காவின் விடுதலைப் பத்திர நகலை வைக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்ட அண்ணன், "அது தன்னிஷ்டமா எழுதுன பத்திரம்னு யார் கேட்டாலும் நான் சொல்வேன்" என்று பாப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். அவர் அப்படிச் சொன்னால், தட்டச்சு தெரிந்த பெண்ணே மனம் விரும்பி எழுதியிருக்கிறாள், பிறகெதற்குத் திருத்தம் என்று மனுவை ஓரமாக வைத்துவிடுவார்கள். அக்கா தன் பங்கையும் கேட்காமல் காப்பாற்றிய மனு அது.

அக்காவைக் குளிப்பாட்டி, தலை சீவி, கடைசிவரை பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் கூட இருந்த தோழிகளுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு ஆட்டோ கொண்டுவந்த இந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் நான் காலமெல்லாம் கடமைப்பட்டவன். எதிர்ப்பை மீறித் தாய்க்குக் கொள்ளி வைத்த பாப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணே, இந்த மலர் இப்போது உங்கள் கையிலும் இருக்கும். அதே பந்தல், அதே ஆட்கள். மைக்கும் இருக்கிறது. "இந்த ஒரு வரி இல்லாம எழுதலாமா" என்று அக்கா உங்களிடம் கேட்டாரா, இல்லையா? நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.